நெய்யாற்றின் கரைகளில் ஒரு நாள்

பயண நிறுவனத்தை நாடாமல் தாமே திட்டமிட்டுச் சுற்றுலா செல்வோர் இன்று பெருகி வருகின்றனர். செலவு குறைவதும், விரும்பிய இடத்தில் விரும்பிய நேரம் தங்க முடிவதும் இதன் நன்மைகள். ஆயினும் வழிகாட்டி செய்யும் பணிகளை இங்கு நாமே செய்தாக வேண்டும். குமரி மாவட்டத்தின் களியக்காவிளையைக் கடந்ததும் தொடங்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குவோம்.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியாகச் சீரமைக்கப்பட்டபோது, தென் திருவிதாங்கூரின் நான்கு வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைச் சிற்றூர்களில் இன்றும் தமிழும் மலையாளமும் ஒருங்கே ஒலிக்கின்றன. ஆகவே, தமிழர்க்கு மொழி இங்குத் தடையாவதில்லை. நாகர்கோவில் – திருவனந்தபுரம் இருப்புப்பாதையில் பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய இரண்டும் நிலையங்களாக உள்ளன.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்திலுள்ள பழைய பலா மரத்தின் பொந்தில் மார்த்தாண்ட வர்மர் பகைவரிடமிருந்து மறைந்து உயிர் தப்பினார் என்பது மரபுச் செய்தி. அருகிலுள்ள அருவிப்புறத்தில், நெய்யாற்றின் கரையில் 1888இல் நாராயண குரு சிவலிங்கத்தை நிறுவினார். சாதி வேற்றுமைக்கு எதிரான கேரளத்தின் வரலாற்றில் அது ஒரு திருப்பம். இவ்விரண்டையும் முற்பகலிலேயே கண்டுவிடலாம். கோயில்கள் நண்பகலில் நடை சாத்தப்படும் என்பதை மறத்தலாகாது.

ஆற்றின் மேற்பகுதியில் நெய்யாறு அணையும், 1958இல் அறிவிக்கப்பட்ட 128 சதுர கிலோமீட்டர் வனவிலங்குச் சரணாலயமும் உள்ளன. சீனாவின் செங்டு நகரில் பாண்டாக் கரடிகளைக் காண விரும்புவோர் காலையிலேயே செல்வர். வெயில் ஏறியபின் அவை உறங்கிவிடும். நெய்யாற்றுக் காட்டிற்கும் இவ்விதி பொருந்தும். எனவே, காட்டையே முதன்மையாகக் காண விரும்புவோர் கோயில்களை மறுநாளுக்கு ஒதுக்குதல் நன்று.

பழைய குறிப்புகளை நம்பிச் செல்வது ஏமாற்றம் தரும். 1984இல் இங்குத் தொடங்கிய சிங்கப் பூங்கா ஒரு காலத்தில் புகழ்பெற்றிருந்தது. இன்று அங்குச் சிங்கங்கள் இல்லை. முதலைகளுக்கான மறுவாழ்வு மையம் உண்டு. நீர்த்தேக்கக் கரைவாழ் மக்கள் முதலைகளின் தாக்குதலுக்கு உள்ளானதன் விளைவே அம்மையம். ஆகவே, நீர்த்தேக்கத்தில் இறங்கிக் கால் நனைப்பதும், எச்சரிக்கைப் பலகைகளைப் புறக்கணிப்பதும் உயிருக்கே ஆபத்தாகும்.

படகுச் சவாரியிலும் இதே விழிப்பு வேண்டும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். விலங்குகளைக் காணப் பயணிகள் ஒருபுறமாகத் திரண்டதும் அதற்குக் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. உயிர்காப்புச் சட்டையை அணிந்து, இருக்கையில் அமர்ந்தவாறே காண்பதே முறை. சட்டை தரப்படாத படகில் ஏறாமல் இருப்பதே அறிவுடைமை.

காட்டினுள் செல்ல நேரமில்லாதோர்க்குத் திருவனந்தபுரம் விலங்குக்காட்சி சாலை ஏற்றது. 1857இல் உருவான அது, நாட்டின் பழைய காட்சி சாலைகளுள் ஒன்று. அதே வளாகத்தில் 1880இல் கட்டி முடிக்கப்பட்ட நேப்பியர் அருங்காட்சியகமும் உள்ளது. திங்கட்கிழமை இரண்டும் விடுமுறை.

பணத்தைப் பொறுத்தவரை சில சொற்கள். மலைப்பகுதியில் கைப்பேசி அலைவரிசை தடைப்படலாம். அப்போது யூபிஐ வழியே பணம் செலுத்த இயலாது. ஆதலால் பேருந்து, படகு, உணவு ஆகியவற்றிற்குப் போதிய சில்லறையையும் நோட்டுகளையும் கைவசம் வைத்திருப்பது நன்று. நுழைவுச் சீட்டையும் தங்கும் அறையையும் அரசின் அல்லது விடுதியின் சொந்த இணையதளத்தில் மட்டுமே பதிவு செய்க. முன்பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி எவரேனும் யூபிஐ இரகசிய எண்ணைக் கேட்டால் அது மோசடியே. பணம் பெறுவதற்கு அவ்வெண் ஒருபோதும் தேவையில்லை. ஏமாற்றப்பட்டால் காலந்தாழ்த்தாது 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

புறப்படுமுன் ஒரு தொலைபேசி அழைப்பு, கையில் சிறிது பணம், நீர்க்கரையில் சற்று நிதானம்: இம்மூன்றும் இருப்பின் நெய்யாற்றின் கரைகள் நம்மை மனநிறைவுடன் வீடு திரும்பச் செய்யும்.