காமாலை யாவும் ஒன்றல்ல

அந்தமான் தீவுகளில் காய்ச்சலோடு காமாலையும் கண்டால் எலிக்காய்ச்சலை நினைப்பது இயல்பே. திக்லிப்பூர் வட்டாரத்தில் 1988 முதல் பரவிய ‘அந்தமான் குருதிப்போக்குக் காய்ச்சல்’ லெப்டோஸ்பைரா என்னும் நுண்ணுயிரால் விளைவது என்று பின்னர்க் கண்டறியப்பட்டது. ஆயினும், இவ்விரு குறிகளும் சேர்ந்து வரும் வேறொரு நோயும் உண்டு. அதுவே பித்தநாளக் கல் அடைப்பு.

கல்லீரலில் ஊறும் பித்தநீர் பித்தநாளத்தின் வழியே சிறுகுடலை அடைகிறது. பித்தப்பையில் உருவான கல் சில வேளை நழுவி அந்நாளத்தில் சிக்கிக்கொள்ளும். அப்போது வலது விலாவின் கீழோ, மேல்வயிற்றின் நடுவிலோ கடும் வலி தோன்றி முதுகுக்கோ வலது தோளுக்கோ பரவும், வாந்தியும் வரலாம். தேங்கிய பித்தத்தின் நிறப்பொருள் குருதியில் கலப்பதால் கண் மஞ்சளிக்கும், சிறுநீர் கறுக்கும், உடலில் அரிப்பும் உண்டாகலாம். அந்நிறப்பொருள் குடலுக்கு எட்டாமையால் மலம் களிமண் போல வெளுக்கும். கல் அசைந்து வழிவிடும்போது மஞ்சள் குறைந்து, மீண்டும் அடைக்கும்போது கூடுவதும் உண்டு.

தேங்கிய பித்தநீரில் கிருமி பெருகினால் குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் தோன்றும். வலி, காய்ச்சல், காமாலை ஆகிய மூன்றையும் இந்நோயின் குறிகளாக 1877-இல் பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ எடுத்துரைத்தார். இவற்றோடு மனக்குழப்பமும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் சேர்வது பேராபத்தின் அறிகுறி என்று 1959-இல் ரெனால்ட்ஸ், டார்கன் என்போர் விளக்கினர். இக்குறிகள் எல்லோரிடத்தும் ஒருங்கே தோன்றுவதில்லை. முதியோருக்கு வலி குறைவாகவும் இருக்கலாம்.

எலிக்காய்ச்சலிலோ கெண்டைக்கால் தசைவலியும் கண்சிவப்பும் மிகுதி. நோயாளி அண்மையில் சேற்றிலோ தேங்கிய நீரிலோ உழைத்தவராக இருப்பதும் உண்டு. எனினும், குறிகளை மட்டும் கொண்டு முடிவு செய்தல் ஆகாது. குருதிச் சோதனையும் அல்ட்ராசவுண்ட் படமும் இன்றியமையாதவை. படத்தில் கல் தென்படாவிடினும் ஐயம் நீங்காதாயின் மேற்கொண்டு ஆராய்தல் வேண்டும்.

எலிக்காய்ச்சலை மருந்தால் குணப்படுத்தலாம். நாளத்தை அடைத்த கல்லையோ அகற்றியே தீர வேண்டும். வாய்வழியே குழாயைச் செலுத்தி, வயிற்றைக் கிழிக்காமலே அதனை எடுக்கும் முறை இன்று உண்டு. ஆனால், கார் நிக்கோபாரிலிருந்து, 2024 வரை போர்ட் பிளேயர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்திற்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர். அங்கிருந்து சென்னைக்கோ சுமார் 1,370 கிலோமீட்டர். கடல் கடந்து சிகிச்சை பெற நேரும் தீவினர்க்கு ஒவ்வொரு நாளும் அரிது. கீழாநெல்லிச் சாறு பருகிக் காத்திருந்தால் கல் அகலாது, காலமே கழியும். ஆதலின், மஞ்சளைக் கண்டவுடன் மருத்துவரை நாடுக. வலி வந்த இடத்தையும் மலத்தின் நிறத்தையும் நாணாது கூறுக.