கருமாதிப் படத்தில் ஏறும் பச்சை

கள்ளக்குறிச்சி ஸ்டூடியோக்களுக்கு வரும் வேலைகளில் தள்ளிப்போட முடியாதது கருமாதிப் படம். வயதானவர் இறந்தால் வீட்டில் அகப்படுவது பல நேரம் மூலை மடங்கிய ஒரு கருப்பு வெள்ளைப் படம்தான். அதை ஸ்கேன் செய்து, மடிப்பையும் கறையையும் நீக்கி, இங்க்ஜெட்டில் பெரிதாக்கி, பிரேம் போட்டுக் கொடுக்கிறார்கள். கடையில் சரியாகத் தெரிந்த படம் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கோ கரியாலூருக்கோ போய்ச் சுவரில் ஏறியதும் பகலில் கன்னத்தில் பச்சை அடிக்கலாம், ராத்திரி விளக்கைப் போட்டால் செம்மை தட்டலாம். "பழைய படம், அப்படித்தான் இருக்கும்" என்ற சமாதானம் இதற்குப் பொருந்தாது. கோளாறு, கலர் பிரிண்டர் சாம்பல் நிறத்தை உண்டாக்கும் முறையில் இருக்கிறது. படம் தொங்கப்போகும் வெளிச்சத்தில் வைத்துத் திருத்தினால் அதில் பெரும்பகுதி சரியாகிவிடும்.

ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-இல் உற்பத்தி தொடங்கிய பின் வந்த 'இந்து' தாளாகட்டும், அதற்கு முந்தைய வெளிநாட்டுத் தாளாகட்டும், பழைய படத்தின் கருமை நுண்ணிய வெள்ளித் துகள்களால் ஆனது. வெள்ளி எல்லா நிற ஒளியையும் ஏறக்குறைய சமமாக விழுங்குவதால் எந்த விளக்கின் கீழும் சாம்பல் அதிகம் மாறாது. எப்சன் எல்805 போன்ற ஸ்டூடியோ பிரிண்டரில் இருப்பவை கருப்பு, சயான், மெஜந்தா, மஞ்சள், வெளிர் சயான், வெளிர் மெஜந்தா ஆகிய ஆறு மைகள். சாம்பல் மை கிடையாது. ஆகவே கன்னத்தின் மெல்லிய நிழலைப் பெரும்பாலும் கலர் மைகளைக் கலந்துதான் அது உண்டாக்குகிறது. ஒவ்வொரு சாயமும் ஒளியின் ஒரு பகுதியையே விழுங்கும். கடையின் விளக்கில் சமனாகத் தெரிந்த கலவை, வாசல் வழியே வரும் பகல் ஒளியில் குலைவது இதனால்தான். கலர்ப் படத்தில் சேலையின் பச்சை சற்று மாறினால் யாரும் கவனிப்பதில்லை. சாம்பலில் துளி நிறம் கலந்தாலும் கண் பிடித்துவிடும். கம்பெனி மைக்குப் பதில் வேறு மையும், கிடைத்த தாளும் போட்டுவிட்டுப் பழைய மைக்கும் தாளுக்கும் உரிய கலர் புரொஃபைலையே வைத்திருந்தால் கலவைக் கணக்கே தப்பிப்போகும்.

கருப்பு மையை மட்டும் வைத்து அச்சிடலாமே என்பார்கள். நிறச்சாயல் குறையும், உண்மை. ஆனால் வெளிர் கருப்பு இல்லாததால் நெற்றியிலும் கன்னத்திலும் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிந்து, முகம் மணல் தூவியதுபோல் ஆகிவிடும். எப்சன் 2005-இல் மூன்று அடர்த்திகளில் கருப்பு மை கொண்ட பிரிண்டர்களைக் கொண்டுவந்தபோது தீர்க்க முயன்றது இந்தச் சிக்கலைத்தான். இன்று எல்8180-இல் சாம்பல் மை இருக்கிறது, முடிந்தவர்கள் வாங்கலாம். முடியாதவர்கள் இருக்கும் இயந்திரத்திலேயே வெள்ளை முதல் கருப்பு வரை 21 படிகள் கொண்ட பட்டையை அச்சிட்டு, ஒரு நாள் காயவிட்டு, வாசல் வெளிச்சத்திலும் வீட்டு எல்இடியிலும் பார்க்க வேண்டும். பச்சை அடிக்கும் படி எது, மெஜந்தா ஏறும் படி எது என்று கண்டு அங்கே மட்டும் திருத்த வேண்டும். படம் முழுக்க ஒரே திருத்தம் போட்டால் நடுச்சாம்பல் சரியாகி அடர்நிழல் கெடும். இரண்டு வெளிச்சத்திலும் முழுச் சமன் கிடைக்காது. பகலுக்கு முதலிடம் கொடுத்து இரவில் லேசான செம்மையை ஏற்கலாம்; பச்சையை ஏற்கவே கூடாது, அது முகத்தை நோயாளி முகமாக்கிவிடும்.

பழைய படங்களே பழுப்புதானே என்ற கேள்வியும் எழும். பழுப்பு வேண்டுமென்றால் எல்லாப் படிகளிலும் சீராகக் கொடுக்கலாம். படிக்குப் படி மாறும் பச்சையும் செம்மையும் பழமை ஆகாது. இவ்வளவு பாடுபட்டு அச்சிடுவானேன், கணினியில் கோப்பு இருந்தால் போதாதா? புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருப்பு வெள்ளைக் கோயில் படங்களைக் காத்துவருகிறது. தமிழ் ஸ்டூடியோ படங்களை டிஜிட்டலாக்கும் பணியும் அங்கே நடந்தது. ஆவணக் காப்பகத்துக்குக் கோப்பு போதும். வீட்டில் மாலை விழுவது அச்சுப் படத்துக்கு. அதிலும் கலர்ச் சாயங்கள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. இன்று சமனான சாம்பலில் சில ஆண்டுகளில் மறுபடி நிறம் ஏறலாம். கண்ணாடி போட்டு, வெயில் படாத சுவரில் மாட்டச் சொல்லி, பிரேமின் பின்னால் மையின் பெயர், தாளின் பெயர், தேதி மூன்றையும் எழுதிக் கொடுத்தால், அடுத்த முறை அச்சிடுபவர் திருத்தத்தை எங்கே தொடங்குவது என்று அறிந்துகொள்வார்.