சோதனை மழையும் உண்மை மழையும்

மஸ்கெலியாவில் தென்மேற்குப் பருவமழை வலுக்கும்போது, சரிவை ஒட்டிய தோட்ட லயன் வீடுகளில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இருக்கலாமா, கிளம்ப வேண்டுமா? மண்சரிவு எச்சரிக்கையை விடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் அவதானம். 100 ஆனால் வெளியேறத் தயார்நிலை. 150 ஆனாலோ, ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ உடனே வெளியேற வேண்டும்.

இந்த எண்களைத் தருபவை தன்னியக்க மழைமானிகள். இவற்றில் பலவற்றுக்குள் ஒரு சிறு வாளி இருக்கும். 0.2 மில்லிமீற்றர் மழைக்கு ஒருமுறை அது நிரம்பிச் சாயும். அப்படி 375 முறை சாய்ந்தால் 75 மில்லிமீற்றர். அந்தக் கணக்கு மென்பொருளுக்குப் போய், கூட்டப்பட்டு, எல்லையோடு ஒப்பிடப்பட்டு, எச்சரிக்கையாக வெளிவர வேண்டும்.

வழியில் எந்தப் படி பழுதானாலும் எச்சரிக்கை வராது. ஆகவே பெய்யாத மழையைப் பெய்ததாகக் காட்டிப் பார்த்தே ஆக வேண்டும். தொழில்நுட்பவியலாளர் மழைமானியில் அளந்த தண்ணீரை ஊற்றுவார். மென்பொருள் தானாகவே 160 மில்லிமீற்றர் என்று ஒரு பொய் எண்ணை அனுப்பிப் பார்க்கும். இந்தச் சோதனை மழையும் உண்மை மழை வரும் பாதையில்தான் வருகிறது. இரண்டையும் பிரிப்பதே வடிகட்டல்.

செய்தியில் ‘சோதனை’ என்ற எழுத்துகள் இருந்தால் தள்ளிவிடு என்று நிரல் எழுதுவது சுலபம், ஆனால் ஆபத்து. ‘மண் பரிசோதனை முடியும்வரை வீடு திரும்ப வேண்டாம்’ என்ற உண்மையான எச்சரிக்கையும் அதோடு போய்விடும். செய்தி பிறக்கும்போதே அதன் தன்மையைத் தனிக் கட்டத்தில் குறிப்பதுதான் சரியான வழி. 2004இல் வெளியான பொது எச்சரிக்கை நெறிமுறை இதைக் கட்டாயமாக்கியது. அதன் இன்றைய பதிப்பின்படி உண்மை, ஒத்திகை, சோதனை, அமைப்பின் உள்வேலை, வரைவு ஆகிய ஐந்தில் ஒன்று ஒவ்வொரு செய்தியிலும் இருந்தாக வேண்டும். சுனாமிக்குப் பின் இலங்கையில் உருவான சகானா மென்பொருளும் இந்த நெறிமுறையைப் பின்பற்றி எச்சரிக்கை அனுப்பக்கூடியது. சைரனுக்கும் குறுஞ்செய்திக்கும் ‘உண்மை’ என்ற குறி மட்டுமே வழிவிட வேண்டும்.

குறிகள் கலந்தால் என்ன ஆகும் என்பதை 2018 ஜனவரி 13 அன்று ஹவாய் கண்டது. ஏவுகணை ஒத்திகைக்கான ஒலிப்பதிவில் ‘இது ஒத்திகை’ என்பதும் ‘இது ஒத்திகை அல்ல’ என்பதும் சேர்ந்தே இருந்தன. பணியில் இருந்தவர் உண்மையென நம்பி மாநிலம் முழுவதற்கும் எச்சரிக்கை அனுப்பினார். அது பொய் என்ற மறுசெய்தி போக 38 நிமிடங்கள் ஆயின.

வடிகட்டிய சோதனை முடிவுகளை அழிக்கக் கூடாது. அவை பதிவேட்டில் இருக்கட்டும். தேறியவை அமைதியாகக் கிடக்க, தவறியவை மட்டும் கடமையில் இருப்பவர் கண்ணுக்கு வரட்டும். ஓடாமலே போன சோதனையையும் தவறியதாகவே எண்ண வேண்டும். பலர் கவனிக்காமல் விடும் இடம் இதுதான்.

குறியே இல்லாமல் ஒரு செய்தி வந்தால்? அப்படியே அனுப்பினால் அது பொய்யாகவும் இருக்கலாம். பொய் எச்சரிக்கைக்காக நடுச்சாமத்தில் கைக்குழந்தையோடு மழையில் இறங்கிய குடும்பம், மறுநாள் சம்பளத்தையும் இழந்தால், அடுத்த எச்சரிக்கையை நம்பத் தயங்கும். அதற்காக அந்தக் குறியற்ற செய்தியைத் தூக்கியெறிந்தால், 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியதுபோல் இன்னொரு நாள் வரலாம். என் கருத்தில் அத்தகைய செய்தியை நிறுத்திவைத்து, பொறுப்பான ஒருவரின் தொலைபேசியை உடனே ஒலிக்கச் செய்ய வேண்டும்.

சோதனைக் குறிக்கு முடிவு நேரமும் வேண்டும். தண்ணீர் ஊற்றிப் பார்த்தவர் குறியை நீக்க மறந்து கிளம்பிவிட்டால், அன்றிரவு பெய்யும் நிஜ மழை முழுவதையும் மென்பொருள் சோதனை என்றே ஒதுக்கும். ஒரு மணி நேரத்தில் குறி தானாகவே காலாவதியாகும்படி நிரலில் எழுதிவைக்கலாம்.