மூப்படையும் மூளையும் உம்மும்மாவின் கணக்கும்

சென்ற நோன்புப் பெருநாளுக்குப் பிறை கண்ட இரவு. எங்கள் அடுப்படி பரபரப்பாக இருந்தது. எழுபத்தாறு வயதான என் உம்மும்மா இறைச்சிக் கறிக்கு இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டார். என்னையும் சாச்சியின் பெயர் சொல்லி அழைத்தார். "உம்மா, நீங்க இனி அடுப்புப் பக்கம் வர வேணாம், போய் இருங்க" என்று என் உம்மா சொன்னார். நானும் சிரித்துவிட்டேன். உம்மும்மா ஒன்றும் பேசாமல் கதிரையில் போய் அமர்ந்தார்.

சற்று நேரத்தில், வட்டிலப்பத்துக்கென்று வாங்கிய கித்துள் கருப்பட்டியில் ஒரு துண்டை வாயில் போட்டவர், "இதுல சீனி கலந்திருக்கு மகள்" என்றார். "ரெண்டு கிலோவுக்கு எத்தனை முட்டை உம்மா?" என்று கேட்டபோது, "நாப்பது. முட்டை சின்னனா இருந்தா இன்னும் நாலு" என்று உடனே பதில் வந்தது.

சற்று முன் போட்ட உப்பை மறந்தவருக்கு இந்தக் கணக்கு மட்டும் எப்படி மறக்காமல் இருக்கிறது? அன்றிரவு எழுந்த அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

மூளை என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பிட்டாலும் அதன் ஆற்றல்கள் பல. அவை யாவும் ஒரே வயதில் உச்சம் அடைவதுமில்லை. ஒரே வேகத்தில் குறைவதுமில்லை. உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் நுண்ணறிவை இரு வகையாகப் பிரித்தார். முன்பின் அறியாத சிக்கலை அந்த இடத்திலேயே ஆராய்ந்து தீர்ப்பது ஒரு வகை. அதைப் பாயும் நுண்ணறிவு எனலாம். படிப்பாலும் பழக்கத்தாலும் சேர்த்துவைத்த அறிவைப் பயன்படுத்துவது மற்றையது. அது படிந்த நுண்ணறிவு. புதிய கைத்தொலைபேசியை இயக்கப் பழகுவதற்கு முதலாவது வேண்டும். கருப்பட்டியின் தரத்தை நாவால் அறிவதற்கு இரண்டாவது வேண்டும். முதலாவது இளமையிலேயே உச்சத்தைத் தொட்டு மெல்லக் குறைகிறது. இரண்டாவதோ நடுவயதைக் கடந்தும் வளர்கிறது.

1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வோர்னர் ஷாயி என்பவர் நீண்டகால ஆய்வொன்றை ஆரம்பித்தார். இளைஞர்களையும் முதியவர்களையும் ஒரே காலத்தில் பரீட்சித்து ஒப்பிட்டால் முதியவர்கள் மிகவும் பின்தங்கியவர்களாகத் தெரிவார்கள். ஆனால் அந்த ஒப்பீட்டில் ஒரு குறை உண்டு. முதியவர்கள் குறைந்த கல்வி வாய்ப்புப் பெற்ற தலைமுறையினர். வித்தியாசம் முழுவதும் வயதினால் வந்ததல்ல. எனவே ஷாயி அதே மனிதர்களை ஏழு வருடங்களுக்கு ஒரு முறை மீண்டும் மீண்டும் பரீட்சித்தார். வேகம் முன்னதாகவே குறைந்தாலும், ஏனைய பல ஆற்றல்கள் அறுபது வயதளவு வரை பெரிதாகக் குறைவதில்லை என்பது அப்போது தெரியவந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை நிறுத்திய உம்மும்மாவை உயர்தரம் படிக்கும் என்னோடு ஒப்பிட்டு நான் சிரித்ததும் இதே பிழைதான்.

2015இல் வெளியான இன்னோர் ஆய்வில் 48,000க்கும் அதிகமானோர் இணையத்தினூடாகக் கலந்துகொண்டனர். தகவலை விரைந்து கையாளும் வேகம் பதினெட்டு, பத்தொன்பது வயதளவிலும், கண்களைப் பார்த்தே ஒருவரின் உணர்வை அறியும் ஆற்றல் நாற்பதுகளிலும், சொல்வளம் அறுபதைக் கடந்தும் உச்சம் பெறுவதாக அதில் கண்டனர். பரீட்சையில் புள்ளி குறைந்ததை நான் வாய் திறக்கும் முன்பே உம்மா கண்டுபிடிக்கும் இரகசியம் எனக்கு இப்போதுதான் விளங்கியது!

அப்படியானால் உப்பு ஏன் மறந்தது? வயதாகும்போது நரம்பு நார்களைச் சுற்றியுள்ள மயலின் கவசம் நலிவடைவதால் செய்திகள் கடத்தப்படும் வேகம் குறைகிறது. ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளில் கவனம் வைப்பதும் கடினமாகிறது. அன்று உம்மும்மா உப்புப் போடும்போது தொலைபேசியும் மணியடித்தது; நாங்களும் சத்தமிட்டுக் கதைத்துக்கொண்டிருந்தோம். உப்புப் போட்டது மனதில் பதியவே இல்லை. பதியாததை எப்படி நினைவுகூர்வது?

பெயர்கள் மறப்பதற்கும் காரணம் உண்டு. ஒருவர் தையற்காரர் என்றால் துணி, ஊசி, கத்தரிக்கோல் எனப் பல நினைவுகள் அதனோடு சேர்ந்திருக்கும். அவருடைய பெயருக்கோ அப்படியான பிடிமானங்கள் இல்லை. அதனால்தான் ஆள் நன்றாகத் தெரிந்தும் பெயர் மட்டும் நாக்கு நுனியில் நின்றுவிடுகிறது. அது எமக்கும் நடக்கிறது. அவர்களுக்குச் சற்று அதிகமாக நடக்கிறது.

ஆனால் எல்லா மறதியையும் வயதின் மீது போட்டுவிடவும் கூடாது. சாவியை வைத்த இடம் மறப்பது வேறு. சாவி எதற்கென்பதே மறப்பது வேறு. பழகிய பாதையில் வழி தவறுவது, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பது, நாளாந்த வேலைகளைச் செய்ய முடியாமற் போவது என்பன டிமென்ஷியா எனும் மறதி நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். விற்றமின் பீ12 குறைபாடு, தைரொயிட் குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகள் என்பவற்றாலும் மறதி ஏற்படலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. எனவே "வயசு போனா இப்படித்தான்" என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டுவதே நல்லது.

நாங்களும் பெருநாளுக்குப் பின் உம்மும்மாவை அழைத்துச் சென்றோம். அவருக்கு டிமென்ஷியா இல்லை. இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன்தான் குறைந்திருந்தது. அவர் மறந்துவிட்டார் என்று நாங்கள் குறைசொன்ன எத்தனையோ விடயங்கள் அவர் காதில் விழவே இல்லை! அதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

2024இல் லான்செட் மருத்துவ சஞ்சிகையின் ஆணைக்குழு, டிமென்ஷியாவுக்கு இட்டுச்செல்லும், நாம் மாற்றக்கூடிய பதினான்கு காரணிகளைப் பட்டியலிட்டது. கேட்டல் குறைபாடு, பார்வைக் குறைபாடு, நீரிழிவு, உயர் குருதியமுக்கம், உடலுழைப்பின்மை, தனிமை என்பன அவற்றுட் சில. இவையனைத்தையும் கவனித்தால் ஏறத்தாழ 45 சதவீதமான டிமென்ஷியாவைத் தடுக்கவோ தாமதிக்கவோ முடியலாம் என அது கூறுகிறது. இப்பட்டியலில் தனிமை இருப்பதைக் கவனியுங்கள். அன்பினால்தான் "போய் இருங்க" என்கிறோம். ஆனால் வேலையையும் பேச்சையும் பறித்து ஒருவரைக் கதிரையில் அமர்த்துவது அவருக்குச் செய்யும் உதவியல்ல.

அறிந்ததையெல்லாம் மறந்துவிடும் தள்ளாத வயதை மனிதரில் சிலர் அடைவார்கள் என்பதை அல்குர்ஆனின் சூரா நஹ்ல் நினைவூட்டுகிறது. முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பான ஒரு சொல்லைக்கூடச் சொல்லக் கூடாதென்று சூரா இஸ்ரா தடுக்கிறது. அன்றைய என் சிரிப்பும் அந்தச் சலிப்பின் ஒரு வகைதானே!

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உம்மும்மா மீண்டும் அடுப்படிக்கு வந்தார். அவர் முன்னால் நின்று, முகத்தைப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கதைத்தோம். கருப்பட்டியும் முட்டைக் கணக்கும் அவர் பொறுப்பு. உப்பு என் பொறுப்பு. பெயர் சொல்ல அவர் தடுமாறினால் நான் இடையில் புகுந்து சொல்லிக் கொடுப்பதில்லை, காத்திருக்கிறேன். கொஞ்சம் தாமதித்தாலும் அநேகமாக என் பெயர் வந்துவிடுகிறது.

தோழியரே, பெற்றோரே, உங்கள் வீட்டு முதியவர் பதில் சொல்லத் தாமதித்தால் அவசரப்படாதீர்கள். அவரிடம் தேட வேண்டிய அறிவு எங்களிடம் உள்ளதைவிட மிக அதிகம்.