காட்டுக்குள் ஒரு பெட்டி, கையில் ஒரு கமரா

"டொக்டர், நடக்கச் சொல்கிறீர்கள். எங்கே நடக்கிறது, எதற்கு நடக்கிறது?" எமது மருத்துவ நிலையத்தில் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ரரோல் என்று வருபவர்களுக்கு மருந்தோடு சேர்த்து நடையையும் எழுதிக் கொடுக்கிறோம். மூன்று மாதம் கழித்து வரும்போது குளிசை ஒழுங்காக எடுத்திருப்பார்கள், நடந்திருக்க மாட்டார்கள். இதைச் சோம்பல் என்று சொல்லிவிட நாம் தயாரில்லை. ஊரில் எவரும் சும்மா நடந்ததில்லை. சங்கக் கடைக்கு, கோயிலுக்கு, தோட்டத்துக்கு, கிணற்றடிக்கு என்று ஒரு அலுவலோடுதான் நடந்தோம். அலுவல் இல்லாமல் ஒரு மணித்தியாலம் சுற்றிவிட்டு வா என்றால் எம்மவர்களுக்கு அது கால் போகாத காரியம். ஆகவே இம்முறை, நடைக்கு ஒரு அலுவலைக் கொடுக்கும் பொழுதுபோக்கு ஒன்றைப் பற்றிப் பார்ப்போம். அதன் பெயர் ஜியோகாஷிங்.

2000ஆம் ஆண்டு மே மாத ஆரம்பம் வரை, அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செய்மதிகள் பொதுமக்களுக்குக் கொடுத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது. நீங்கள் நிற்கும் இடத்தை நூறு மீற்றர் வரை பிழையாகக் காட்டும். ஜனாதிபதி கிளின்டனின் உத்தரவுப்படி அது நிறுத்தப்பட்டது. மறுநாளே, மே 3ஆம் திகதி, டேவ் உல்மர் என்பவர் ஒறிகன் மாநிலத்தில் ஒரு வாளியைக் காட்டோரம் மறைத்து வைத்து, அதன் ஆள்கூறுகளை இணையத்தில் அறிவித்தார். வேறு ஆட்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு ஒக்ரோபரில் பேர்லினுக்குத் தெற்கே யேர்மனியின் முதற் பெட்டி வைக்கப்பட்டது. இன்று ஸ்ருட்கார்ட் நகரிலும் சுற்றியுள்ள காடுகளிலும் இப்படி ஏராளமான பெட்டிகள் இருக்கின்றன. நீங்கள் தினமும் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலும் ஒன்று இருக்கக்கூடும்.

விளையாட்டு எளிது. கைத்தொலைபேசியில் அதற்குரிய செயலியை ஏற்றினால் பெட்டிகளின் ஆள்கூறுகள் தெரியும். ஸ்ருட்கார்ட் நகர மையம் ஏறத்தாழ வடக்கு 48 பாகை 46 கலை, கிழக்கு 9 பாகை 10 கலையில் உள்ளது. கலைக்குப் பின்னால் மூன்று தசமம் கொடுப்பார்கள். வடக்குத் தெற்காக அந்தக் கடைசித் தசமம் ஒன்று மாறினால் இடம் இரண்டு மீற்றருக்குச் சற்றுக் குறைவாக நகரும். தொலைபேசி உங்களைச் சில மீற்றர் கிட்டக் கொண்டுபோய் விடும், மிச்சத்தைக் கண்ணால் தேட வேண்டும். பெட்டிக்குள் ஒரு சிறு கொப்பி இருக்கும். திகதியும் புனைபெயரும் எழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு இலக்கங்கள் உண்டு. ஒன்று தேடும் கடினம், மற்றது பாதையின் கடினம். இரண்டும் 1 முதல் 5 வரை. இருதய வருத்தம் உள்ளவரும் முழங்கால் தேய்ந்தவரும் பார்க்க வேண்டியது இரண்டாவது இலக்கத்தை. 1 என்றால் சக்கர நாற்காலியும் போகும். 5 என்றால் கயிறு கட்டி ஏற வேண்டியும் வரலாம், அது எமக்கு வேண்டாம்.

இதோடு கமராவைச் சேர்ப்பதில்தான் எமக்கு விருப்பம் அதிகம். பெட்டியை மட்டும் தேடுபவர் தொலைபேசித் திரையைப் பார்த்தபடி நடப்பார், சுற்றியுள்ள எதையும் பார்க்க மாட்டார். போதாததற்கு வேரில் தடக்கி விழுவார். படம் எடுப்பவர் நிற்பார், குனிவார், குந்துவார், திரும்பிப் பார்ப்பார். ஐம்பது வயதுக்கு மேல் குந்தி எழும்புவது தனியொரு உடற்பயிற்சி. தொடைத் தசைகளுக்கு அதைவிட மலிவான வைத்தியம் இல்லை. பெட்டி கிடைக்காத நாளிலும் படத்தோடு வீட்டுக்கு வரலாம், வெறுங்கையோடு வந்த மனக்குறை இராது. விலை கூடிய கமரா தேவையில்லை, கைத்தொலைபேசி போதும். தோளில் பாரமான கமரா வைத்திருப்போர் வாரைக் கழுத்தில் தொங்க விடாமல் குறுக்காகப் போட வேண்டும். கழுத்து நோவோடு பலர் எம்மிடம் வருவது இதனாலும்தான். ஒரு எச்சரிக்கை: தொலைபேசியில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடத்தின் ஆள்கூறும் பதிவாகியிருக்கலாம். பிள்ளைகளின் படங்களைப் பகிருமுன் அதை நீக்கி விடுங்கள்.

ஸ்ருட்கார்ட் இதற்கென்றே அமைந்த நகரம். கிண்ணம் போன்ற பள்ளத்தில் நகரம், சுற்றிவரக் குன்றுகள், குன்றுகளுக்கு ஏற 400க்கும் மேற்பட்ட படிக்கட்டுப் பாதைகள். 'ஷ்டெஃபெலே' என்று இங்குள்ளவர்கள் செல்லமாகச் சொல்லும் இந்தப் படிகளில் பல, திராட்சைத் தோட்டக்காரர்கள் ஏறி இறங்கிய பாதைகள். ஏறுவது இருதயத்துக்கு வேலை, இறங்குவது முழங்காலுக்குப் பாரம். முழங்கால் நோ உள்ளவர்கள் மரீன்பிளாட்ஸிலிருந்து டேகர்லோக்குக்கு 1884 முதல் ஓடும் பற்சக்கர ரயிலை இறங்குவதற்குப் பாவிக்கலாம். ரோட்டன்பேர்க்கில் திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே, அரசி கத்தரீனா 1819இல் இறந்த பின் கணவர் முதலாம் வில்ஹெல்ம் கட்டிய கல்லறைக் கோயில் நிற்கிறது. அங்கிருந்து நெக்கார் பள்ளத்தாக்கை எடுக்க மாலை வெயில் நல்லது.

முதல் நடைக்கு நாம் சொல்வது பிர்கன்கொப்ஃ. 511 மீற்றர் உயரமான குன்று, அகலமான பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. இரண்டாம் உலகப் போரில் 53 விமானத் தாக்குதல்களால் உடைந்த இந்த நகரத்தின் இடிபாடுகளை, ஏறத்தாழ 1.5 கோடி கன மீற்றர், 1953 முதல் 1957 வரை இங்கே கொண்டுவந்து கொட்டினார்கள். குன்று 40 மீற்றர் வளர்ந்தது. உச்சியில் தூண் துண்டுகளும் செதுக்கிய கற்களும் இன்னும் கிடக்கின்றன. காலை வெயில் சரிந்து விழும்போது செதுக்கு வேலை துலக்கமாகத் தெரியும். உடைந்த வீடுகளைக் கண்டு வந்த எம்மவர்கள் அங்கே அதிக நேரம் நிற்பதை நாம் கவனித்திருக்கிறோம்.

இங்கே ஒரு விடயத்தைப் பேசாமல் போக முடியாது. யேர்மன்காரருக்குக் காட்டுக்குள் ஒளித்து வைத்த பெட்டி விளையாட்டு. எமக்கு அப்படியா? கிடக்கிறதைத் தொடாதே, பாதையை விட்டு இறங்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தவர்கள் நாம். வடக்கில் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. இந்த விளையாட்டில் படையினர் ரவை வைக்கும் பச்சை இரும்புப் பெட்டியையும் பாவிக்கிறார்கள், நீர் புகாது என்ற காரணத்துக்காக. அதைத் திடீரென்று ஒரு வேரடியில் கண்டால் சிலருக்கு நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், அன்று இரவு நித்திரை வராது. இது கோழைத்தனமல்ல. உடம்பு பழையதை மறக்கவில்லை, அவ்வளவுதான். கமராவும் அப்படியே. சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்தவர்களுக்குப் பொது இடத்தில் கமராவை வெளியே எடுக்கவே கை கூசும். பற்றரியே தடை செய்யப்பட்ட பொருளாக இருந்த யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு, செய்மதிக் கருவியோடு காட்டுக்குள் திரிவது என்பது நினைத்தும் பார்க்க முடியாத விடயம். யேர்மனிக்கு வந்த பின்னும், அகதி விண்ணப்பம் முடியும்வரை ஒதுக்கிய மாவட்டத்தை விட்டு வெளியேற அனுமதி கேட்க வேண்டியிருந்தது. 1982இல் வந்த அந்தச் சட்டம் 2015இல்தான் பெரிதும் தளர்ந்தது. தூரம் போவதற்கு அஞ்சிய அந்த வருடங்கள் பலருடைய கால்களில் இன்னும் இருக்கின்றன.

ஆகவே அவசரம் வேண்டாம். பெட்டியே இல்லாத வகை ஒன்று உண்டு, ஏர்த்காஷ் என்பார்கள். பாறை, ஊற்று, மண்ணடுக்கு போன்ற ஒன்றைப் போய்ப் பார்த்து, கேட்ட கேள்விக்குப் பதில் அனுப்ப வேண்டும், பெரும்பாலும் ஒரு படமும் சேர்க்கலாம். அதில் தொடங்குங்கள். பிறகு நகரத்துக்குள் பகலில், பிள்ளைகளோடு. இங்கே பிறந்த பிள்ளை பெட்டியைத் திறக்கட்டும், நீங்கள் தள்ளி நின்று படம் எடுங்கள். எம்மிடம் வருபவர்களில் சிலர் இந்த வழியால் வந்து இப்போது தாங்களே பெட்டியைத் திறக்கிறார்கள். சிலர் இன்னும் திறப்பதில்லை, ஆனால் நடக்கிறார்கள், அதுவும் எமக்குத் திருப்தியே. கெட்ட கனவும் படபடப்பும் வாரக்கணக்கில் நீடித்தால் நடை மட்டும் போதாது, வைத்தியரிடம் சொல்லுங்கள். இன்னொன்று: இந்த நாட்டு மண்ணிலும் பழைய குண்டுகள் கிடைக்கின்றன. செயலியில் சொன்ன பெட்டிதானா என்று நிச்சயமில்லாத எந்த இரும்பையும் தொடாமல் விலகி 110க்கு அறிவியுங்கள். இவ்விடயத்தில் எமது பழைய பழக்கம் நல்ல பழக்கமே.

எவ்வளவு நடக்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2020இல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் என்றது. தென்னாசியர்களுக்குச் சீனி வருத்தம் குறைந்த வயதிலும் குறைந்த நிறையிலும் வருகிறது. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 என்பதே எல்லை. சாப்பிட்ட பின் அரை மணித்தியாலம் நடந்தால் இரத்தத்தில் சீனி ஏறுவது குறையும். இன்சுலின் அல்லது கிளிபென்கிளமைட், கிளிமெபிரைட் எடுப்போர் பையில் குளுக்கோஸ் வில்லை வைத்திருக்க வேண்டும். நெஞ்சு இறுக்கம் வந்தால் நின்று 112ஐ அழையுங்கள். காட்டில் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் தவிப்பவர்கள் பலர். உங்கள் கையிலோ ஆள்கூறு இருக்கிறது, அதை வாசித்துச் சொல்லலாம். மாரியில் மப்பான நாளிலும் வெளியே வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு, மனச்சோர்வுக்கு அது உதவும். ஆனால் ஒக்ரோபர் முதல் மார்ச் வரை இந்த வெயில் எமது தோலுக்கு விற்றமின் டி தராது. அதை வைத்தியரோடு தனியாகப் பேச வேண்டும்.

கடைசியாக உண்ணி. யேர்மன் மொழியில் செக்கே. ஸ்ருட்கார்ட் உட்பட பாடன் வூர்ட்டெம்பேர்க்கின் ஏறக்குறைய எல்லாப் பகுதிகளும் எவ்.எஸ்.எம்.ஈ. என்ற மூளைக்காய்ச்சல் ஆபத்துப் பிரதேசம். அந்த வைரசுக்கு மருந்து இல்லை, தடுப்பூசி உண்டு. முதலில் மூன்று ஊசிகள், பின் மூன்று வருடத்தில் ஊக்க ஊசி. இந்தப் பிரதேசத்தில் வசிப்போருக்கு மருத்துவக் காப்புறுதி செலவை ஏற்கும். உண்ணி பரப்பும் மற்ற வருத்தமான பொரேலியோசேக்கு தடுப்பூசி இல்லை, மருந்து உண்டு. பெட்டி தேடிப் பற்றைக்குள் கை விடுபவருக்கு இரண்டும் பொருந்தும். நீண்ட காற்சட்டை அணிந்து, வீட்டுக்கு வந்ததும் அக்குள், இடுப்பு, முழங்காலின் பின்புறம், பிள்ளைகளின் தலைமயிருக்குள் பாருங்கள். கடித்திருந்தால் எண்ணெயோ பசையோ பூசாமல், சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து மெதுவாக இழுங்கள். பொரேலியா கிருமி தொற்றப் பெரும்பாலும் பல மணித்தியாலங்கள் எடுக்கும், ஆகவே அன்றே எடுத்தால் ஆபத்து குறைவு.

மூன்று நாள் முதல் ஒரு மாதத்துக்குள் கடித்த இடத்தைச் சுற்றி வட்டம் விரிந்தால் அது பொரேலியோசேயின் அறிகுறி. துண்டுப் பிரசுரங்களில் செக்கச் சிவந்த வட்டமாகப் போட்டிருப்பார்கள், அது வெள்ளைத் தோலில் எடுத்த படம். எமது நிறத்தில் அது ஊதாவாகவோ மண்ணிறமாகவோ, சில வேளை சுற்றியுள்ள தோலைவிடச் சற்றுக் கறுத்த வளையமாகவோ மட்டும் தெரியும். பலர் கவனிக்காமல் பிந்தி வருகிறார்கள். உங்கள் கமரா இங்கேயும் உதவும். கடித்த அன்றே அந்த இடத்தைச் சுற்றிப் பேனையால் கோடு போட்டு, பக்கத்தில் ஒரு ஒரு யூரோ நாணயத்தை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். மின்னொளி பாய்ச்ச வேண்டாம், நிறம் மாறிவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் எடுத்து, வளையம் கோட்டைத் தாண்டினால் எல்லாப் படங்களோடும் உங்கள் வைத்தியரிடம் வாருங்கள்.