துப்பாக்கியும் வாக்குச் சீட்டும்

துப்பாக்கி வைத்துக்கொள்வது குடிமகனின் உரிமையா, அன்றி அரசு அளிக்கும் அனுமதியா? இவ்வினாவிற்கு நீதிமன்றம் கூறும் விடை தேர்தல் களத்தையும் பாதிக்க வல்லது. அது எவ்வாறென ஆராய்வோம்.

லிட்டன் பிரபு காலத்தில், 1878ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற ஆயுதச் சட்டம், உரிமமின்றி இந்தியர் படைக்கலம் வைத்திருப்பதைத் தடுத்தது. ஐரோப்பியருக்கோ விலக்கு அளித்தது. இப்பாகுபாடு நம்மவர் நெஞ்சைச் சுட்டது. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரசு மகாசபை அச்சட்டத்தைத் திருத்துமாறு கோரியது. 1931ஆம் ஆண்டின் கராச்சித் தீர்மானமோ, விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்குவதை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகவே எண்ணியது.

ஆயினும், 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் இவ்வுரிமையைச் சேர்க்க வேண்டியபோது, டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. குற்றமே தொழிலாகக் கொண்டோரும் அவ்வுரிமையைக் கோருவரே என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. நம் அரசியல் சட்டம் தந்ததோ, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை. சட்டத்தின் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை இந்நாட்டில் எவருக்கும் இல்லையென உச்ச நீதிமன்றம் 2023இலும் எடுத்துரைத்தது.

அமெரிக்காவின் நிலை வேறு. 1791ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தம் தனிமனிதருக்கே அவ்வுரிமையை அளிக்கிறது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. 2022இல் வீட்டிற்கு வெளியே கைத்துப்பாக்கி ஏந்திச் செல்லவும் அது பொருந்தும் என்றது. அந்நீதிபதிகளை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். இசைவு தருவது செனட் சபை. எனவே, அவ்விரு தேர்தல்களிலும் துப்பாக்கி ஒரு பெரும் பிரச்சினையாகி நிற்கிறது.

நம் நாட்டில் வினா வேறு உருவில் எழுகிறது: வாக்காளர் அச்சமின்றி வாக்களிப்பது எவ்வாறு? வாக்குச் சாவடியருகே ஆயுதத்துடன் செல்வோருக்கு ஈராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இடந்தருகிறது. தேர்தல் காலத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கிகளையும் ஒப்படைக்கச் சொல்வதுண்டு. ஆனால், பொதுவான ஓர் ஆணையால் அனைவரையும் வற்புறுத்தலாகாது. ஒவ்வொருவர் நிலையையும் ஆய்வுக் குழு தனித்தனியே சீர்தூக்கி, காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என அலகாபாத் உயர் நீதிமன்றம் 2024இல் கூறியது. தேர்தலின் தூய்மையும் வேண்டும்; குற்றமற்றவரைக் குற்றவாளிபோல் நடத்துதலும் கூடாது. இவ்விரண்டையும் ஒருங்கே காப்பதே நீதியாகும்.

நல்லவாட்டில் வாழும் நமக்கு, வில்லியனூரை அடுத்த கீழூர் தொலைவன்று. 1954 அக்டோபர் 18ஆம் நாள், பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி வாக்களித்தனர். இந்தியாவுடன் இணைய 170 பேர் இசைந்தனர். 8 பேர் மறுத்தனர். நவம்பர் முதல் நாளே ஆட்சி கைமாறியது. ஒரு நாட்டின் தலைவிதியையே வாக்குச் சீட்டு தீர்மானித்தது. மாறுபட்ட அந்த எட்டு வாக்குகளும் முறையாக எண்ணப்பட்டன. துப்பாக்கியால் மாற்றாரின் வாயை அடைக்கலாம். அவர்தம் கருத்தையும் எண்ணிக் கணக்கில் வைப்பது வாக்குச் சீட்டு ஒன்றே. நாளை வாக்காளராகப் போகும் நீங்கள் இவ்வேறுபாட்டை நெஞ்சில் நிறுத்துவீர்களாக.