காற்றாலை நின்றால் ஐப்பசி

எங்கள் ஊரில் ஐப்பசி வந்துவிட்டதா என்று காலண்டரைப் பார்ப்பவர்கள் குறைவு. கண்டமனூர்ப் பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தாலே போதும். வைகாசிக் கடைசியில் மலைக்கு அந்தப் பக்கமிருந்து கிளம்பும் மேகாத்து, கம்பம் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி வந்து ஆவணி முடியும்வரை புழுதியை வாரி இறைக்கும். கொடியில் காயப்போட்ட வேட்டியைப் பக்கத்துத் தோட்டத்து வேலியில் போய் எடுக்க வேண்டும். எதிரில் நிற்பவர் பேசுவதில் பாதிதான் காதில் விழும். புரட்டாசியில் அது தளர்ந்து தளர்ந்து, ஒருநாள் விடிகாலையில் பார்த்தால் ஒரு இறக்கைகூட அசையாமல் அத்தனையும் நிற்கும். அடைத்திருந்த காது திறந்துகொண்ட மாதிரி இருக்கும். அன்றைக்கு அம்மா முதலில் தேடுவது நீளக் கம்பு ஒன்றை.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்கு ‘இலையுதிர் காலம்’ என்று போட்டிருந்தார்கள். எங்கள் வேம்பும் வாகையும் அதைப் படித்ததில்லை. அவை இலை கொட்டுவது மாசியில். ஐப்பசியில் இங்கே கல் இடுக்கில்கூடப் பச்சை முளைக்கும். ஐப்பசியையும் கார்த்திகையையும் சேர்த்துக் ‘கூதிர்’ என்று பழந்தமிழர் பிரித்து வைத்த கணக்குதான் எங்கள் ஊருக்குப் பொருந்துகிறது.

ஊருக்குப் பின்னால் இருக்கும் கரட்டில் ஏறினால் வைகை அணை தெரியும். 1959 ஜனவரி 21ஆம் தேதி காமராசர் திறந்துவைத்த அணை. முல்லைப் பெரியாற்றிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக லோயர்கேம்ப்பில் இறங்கும் தண்ணீரும், வருசநாட்டு மலையில் பிறந்து வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கும் மூல வைகையும் கடைசியில் வந்து சேருகிற இடம் அதுதான். ஆனால் மதகைத் திறந்தால் தண்ணீர் போவது மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் சிவகங்கைக்கும் ராமநாதபுரத்துக்கும். அணை பள்ளத்தில் இருக்கிறது, எங்கள் காடு மேட்டில் இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய தண்ணீர் கம்புப் பயிருக்கு எட்டாது. முழு உயரம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. சங்கு ஊதும், டி.வி.யில் ஓடும். அதெல்லாம் ஆற்றோரத்துக்காரர்களுக்கு. எங்களுக்கு வானம் நேராகக் கொடுக்கும் தண்ணீர் இந்த இரண்டு மாதத்தில்தான். அதை அளக்க வேறு அளவுகோல் உண்டு. தோட்டத்துக் கிணற்றின் கல்படிகள். மொத்தம் முப்பத்திரண்டு. சித்திரையில் அத்தனையும் வெளியே தெரியும்.

ஐப்பசி மழைக்கு நேரம் உண்டு. காலையில் சுள்ளென்று வெயில் அடிக்கும், பதினோரு மணிக்கு உடம்பெல்லாம் புழுங்கும், மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வருசநாட்டுப் பக்கம் கருத்துக்கொண்டு வரும். ஆகவே ஊரின் மொத்த வேலையும் இரண்டு மணிக்குள் முடிய வேண்டும். காய்கிறதை எடுக்கணும், மேய்கிறதைக் கட்டணும், நனையக் கூடாததை உள்ளே தள்ளணும். இந்த மாதத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் நடந்து நான் பார்த்ததில்லை, ஓடித்தான் பார்த்திருக்கிறேன்.

காற்று நின்ற அன்றைக்கு அம்மா தேடும் அந்த நீளக் கம்பு ஓடு மாற்றுவதற்கு. எங்களுடையது நாட்டு ஓடு வேய்ந்த வீடு. ஆடிக் காற்றும் அணிலும் பூனையும் சேர்ந்து கலைத்ததை மழைக்கு முன்னால் சீர்படுத்தியாக வேண்டும். மேலே ஏறியவருக்கு எது உடைந்தது என்று தெரியாது. எல்லாம் ஒரே செம்மண் நிறமாக, பாசியும் சருகுமாகக் கிடக்கும். ஓட்டை தெரிவது உள்ளே இருட்டில் நிற்பவருக்குத்தான். வெயில் ஊசி மாதிரி இறங்கும் இடத்தை அம்மா கீழேயிருந்து கம்பால் குத்துவாள். “இங்கிட்டு, அடுப்புக்கு நேரா, கம்பு தெரியுதா?” என்பாள். “தெரியல, இன்னுங் கொஞ்சம் ஒசத்து மதினி” என்பார் மேலிருந்து சித்தப்பா. கம்பு நுனி ஓட்டுக்கு நடுவே எட்டிப் பார்க்கும். அதைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டுவார், கிடைத்துவிட்டது என்பதற்கு அடையாளமாக. தூக்கிய ஓட்டுக்கு அடியில் தேள் இருக்கும், பூரான் இருக்கும், எப்போதோ காணாமல்போன எங்கள் ரப்பர் பந்து இருக்கும். ஓட்டு வீட்டைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. நடுராத்திரியில் பாயைச் சுருட்டிக்கொண்டு ஒழுகாத மூலையைத் தேடி அலைந்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் தளம் போட்ட வீடு நிற்கிறது. அம்மாவுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

படப்பு போடுவது அடுத்த வேலை. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்களில் முதல் போகம் அறுக்கிற நேரம் இது. ஆனியில் பெரியாற்றுத் தண்ணீரை வைத்து நட்ட நெல். அங்கே இரண்டு போகம் விளைகிறது என்பதை எங்கள் ஊர்க்காரர்கள் கொஞ்சம் பொறாமையோடுதான் சொல்வார்கள். அந்த வைக்கோல் வண்டியேறி மேட்டுக்காட்டு மாடுகளுக்கு வரும். படப்பின் தலையைக் குடுமி மாதிரி கூர்மையாக இறுக்கி மேய்ந்தால்தான் மழை வழிந்து ஓடும். தட்டையாக விட்டால் கார்த்திகைக்குள் உள்ளே கருத்துப் புழுங்கிவிடும், மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இப்போது மிஷின் சுருட்டிய உருளைக் கட்டுகள், மேலே தார்ப்பாய். விறகும் எருவாட்டியும் திண்ணைக்கு ஏறும். வீட்டில் கேஸ் அடுப்பு வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது, ஆனால் குளிக்க வெந்நீர் போடுவது இன்றும் சீமைக்கருவேலம் விறகில்தான். சாயங்காலம் தொழுவத்தில் வேப்பிலையும் நொச்சியும் போட்டு மூட்டம். கொசு மாட்டை விட்டுவிட்டு நம்மிடம் வரும் என்பது வேறு விஷயம்.

முருங்கைக்காரர்களுக்கு இந்த மாதத்தில் தூக்கம் குறைவு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.-1 செடிமுருங்கை எங்கள் பக்கத்து மானாவாரி நிலங்களின் முகத்தையே மாற்றியது. மழை இறங்கினால் அதில் பூ கொட்டும், கம்பளிப்பூச்சி ஏறும். தண்டைச் சுற்றிச் சாக்குப் போர்த்திய மாதிரி அப்பிக்கிடக்கும். பழந்துணியைக் கம்பில் சுற்றி எண்ணெயில் முக்கிப் பந்தம் கொளுத்தி, மரம் கருகாமல் பூச்சி மட்டும் பொசுங்கும்படி காட்ட வேண்டும். கை ஒரு நொடி தாமதித்தால் பட்டை போயிற்று. முடிந்ததும் கழுத்தெல்லாம் அரிக்கும், சாம்பலைத் தேய்த்துக் குளித்தாலும் போகாது. காய் குறைகிற இந்த நேரத்தில்தான் சந்தையில் முருங்கை விலை ஏறும்.

புரட்டாசியில் விதைத்த கம்புக்கும் சோளத்துக்கும் களையெடுப்பு ஐப்பசியில். களையெடுக்கப் போனவர்கள் திரும்பும்போது மடி புடைத்திருக்கும். யாரும் விதைக்காத கீரை: பண்ணைக்கீரை, குமிட்டி, சாரணை, தொய்யக்கீரை. சந்தைக் கீரைக்கும் இதற்கும் ஒட்டுறவே இல்லை. பண்ணைக்கீரையைப் பூ வருமுன் கிள்ள வேண்டும், முற்றினால் நார். அதைப் பாசிப்பருப்போடு வேகவைத்து, மத்தால் ஒரு கடை கடைந்து, வரமிளகாயும் வெங்காயமும் தாளித்துக் கொட்டினால், சோளச்சோற்றுக்கு அதைவிட வேறொன்று தேவையில்லை. கீரை ஆய்வது சுகம் என்று நான் எழுதிவிடலாம். காலையிலிருந்து குனிந்து களைவெட்டிய முதுகைக் கேட்டால் வேறு பதில் வரும். சின்னம்மா கூடையை இறக்கியதும் முதலில் சுவரில் முதுகைச் சாய்த்து அழுத்துவாள். எலும்பு சொடுக்குகிற சத்தம் எங்களுக்குக் கேட்கும். அப்புறம்தான் மடியை அவிழ்ப்பாள்.

ஆடியில் போட்ட நிலக்கடலை பறிப்பும் இதே சமயம். ஆய்கிற இடத்தில் தின்பதற்குக் கணக்கில்லை என்பது எழுதாத சட்டம். பச்சைக்கடலையை ஓட்டோடு கல்லுப்புப் போட்டு அவித்து, மழை அடிக்கும்போது திண்ணையில் உட்கார்ந்து உரிப்போம். உள்ளே இருக்கிற உப்புத்தண்ணீரை உறிஞ்சிவிட்டு உரிப்பதா, உரித்துவிட்டு உறிஞ்சுவதா என்பதில் எங்களுக்குள் கட்சிகள் இருந்தன. கரண்ட் போனால் பேட்டரி ரேடியோவில் கோடை பண்பலை. மலை உச்சியிலிருந்து வருவதாலோ என்னவோ, இடி மின்னலிலும் அது மட்டும் விடாமல் பாடிக்கொண்டிருந்தது. அப்பத்தா புளியங்கொட்டைகளைப் போட்டுப் பல்லாங்குழி ஆடுவாள். கள்ள ஆட்டம் ஆடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் ஐப்பசியின் பெரிய திருவிழா என்று என்னைக் கேட்டால் தீபாவளியைச் சொல்ல மாட்டேன், ஈசல் பிடிப்பதைச் சொல்வேன். இரண்டு மூன்று நாள் நல்ல மழை பெய்து விட்டு, காற்றில்லாமல் புழுங்குகிற சாயங்காலமாக இருக்க வேண்டும். அப்பத்தா புற்றடியில் போய்க் குந்துவாள். சின்னச் சின்ன வாய்கள் புதிதாகத் திறந்து, சிப்பாய்க் கரையான்கள் அங்கே காவல் நிற்பதைப் பார்த்ததும், “இன்னைக்குப் புறப்பட்ரும்டா” என்பாள். புற்றை ஒட்டிக் குழி தோண்டி, வாயகன்ற பானையை மண்மட்டத்துக்கு இறக்கிவைப்போம். புற்றின் மேல் சாக்குப் போர்த்தி, பானைப் பக்கம் மட்டும் ஒரு வாசல். பானைக்கு அந்தப் பக்கம் அரிக்கேன் விளக்கு. பிறகு பேசக்கூடாது.

முதலில் ஒன்றிரண்டு வரும். வாசலில் நின்று யோசிக்கிற மாதிரி நிற்கும். அப்புறம் பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்டதுபோல மொத்தமாகப் பொங்கும். விளக்கை நோக்கி ஊர்ந்து, எழும்பப் பார்த்து, இறக்கை இறக்கையில் சிக்கிப் பானைக்குள் விழும். காய்ந்த இலையை யாரோ தூரத்தில் கசக்குவதுபோல ஒரு சரசரப்பு அதற்குள்ளிருந்து வரும். அரைமணி நேரம்தான். ஓட்டம் நின்றால் நின்றதுதான்.

மறுநாள் வெயிலில் காயவைத்து, உள்ளங்கையால் தேய்த்து, சொளகில் போட்டுப் புடைத்தால் இறக்கை மட்டும் முற்றமெங்கும் பறக்கும். மண்சட்டியில் எண்ணெய் விடாமல் வறுக்க வேண்டும். அதிலேயே நெய் இருக்கிறது. உப்பு, மிளகாய்த்தூள், கூடவே வறுத்த அரிசி. வேர்க்கடலைக்கும் வறுத்த தேங்காய்க்கும் நடுவே ஒரு ருசி. ஒரு கைப்பிடிக்கு மேல் தின்றால் வயிறு கடுக்கும் என்று அப்பத்தா சொல்வாள். தின்று பார்த்துத் தெரிந்துகொண்டேன். சென்னையில் ஒருமுறை இதைச் சொன்னபோது நண்பரின் முகம் போன போக்கைப் பார்த்து அன்றோடு நிறுத்திக்கொண்டேன். இறால் தின்பவர்தான் அவர்.

தீபாவளிக்கு நல்லெண்ணெய்க் குளியல், விடியக் கருக்கலில் இட்லியும் கறிக்குழம்பும். அதிரசம் மட்டும் மழையோடு மல்லுக்கு நிற்கும். ஊறவைத்த பச்சரிசியை நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போகாமல் இடிக்க வேண்டும். மழைநாளில் எது போதுமான ஈரம் என்று யார் சொல்வது? ஒரு வருஷம் போட்டதும் மாவு எண்ணெயில் பிரிந்து உதிர்ந்தே போயிற்று. அம்மா ஒன்றும் பேசவில்லை. அரித்தெடுத்து, தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து, “இது புதுப் பலகாரம்” என்று எங்களுக்குக் கொடுத்தாள். அடுத்த வருஷமும் அதையே கேட்டோம். அவள் கொடுத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது.

கார்த்திகை பிறந்ததும் குமுளி சாலையில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் ராப்பகலாக ஓடத் தொடங்கும், பாதி வீடுகளில் கறி நிற்கும். தீபத்துக்கு அகல், பொரி உருண்டை, கோயில் முன் சொக்கப்பனை. அதற்குள் மழையின் வேகம் குறைந்து வாடை திரும்பியிருக்கும்.

அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் அங்கே. தீபாவளிக்கு மூன்று நாள் வந்துவிட்டுப் போகிறவன், மழைக்காலம் முழுக்க ராத்திரிதோறும் போன் போடுவான். போன வருஷம் ஒருநாள் பேப்பரில் படித்துவிட்டுக் கூப்பிட்டான்.

“ஏம்மா, டேம் அறுவத்தாறு அடி தாண்டிருச்சாமே?”

அம்மா கையிலிருந்த சொளகைக் கீழே வைத்தாள்.

“அது கெடக்கட்டும்ப்பா. நம்ம கெணத்துல பதினோரு படி முங்கிருச்சு. இன்னைக்குக் காலைல நானே எறங்கி எண்ணிப் பாத்தேன்.”